எத்தனை வருஷத்துக்குத் தரை?

என் செல்லப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி இதை எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் தரையைப் பற்றிப் பேச ஆரம்பித்து அப்பாவைப் பற்றி அழுதுவிட்டு வைத்துவிடுகிறேன், நீயும் பயந்துபோய் உடனே கிளம்பி வருகிறேன் என்கிறாய். எழுத்தில் என்றால் நான் அழுதாலும் உனக்குத் தெரியாது பார். பிழை இருந்தால் சிரிக்காதே, நான் படித்த ஐந்து வகுப்புக்கு இவ்வளவு எழுத வருவதே பெரிது.

அப்பாவுடைய ஆபீஸ் ரூம் தரையை மாத்திடுங்க, வேன் ரெண்டையும் வித்துடலாம், நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டு வாங்கிக்கிட்டு வந்துடுறேன், அந்த ரூமில் கம்ப்யூட்டரை வச்சுக்கிறேன், ரொம்ப நாள் உழைக்கிற தரையா நீங்களே பார்த்து எடுங்க, எனக்கு எதுன்னாலும் சரி என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாய். எதுன்னாலும் சரி என்று சொல்வது சுலபம் கண்ணு. கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீட்டுக்கு ஒரு கதவுக் கொண்டியைக்கூட நான் தேர்ந்தெடுத்ததில்லை. எல்லாம் அப்பாதான் பார்த்து வாங்கி வருவார், நான் இன்னும் கொஞ்சம் வெளிர் நிறமா இருந்திருக்கலாம் என்பேன், அவர் அடுத்த வீடு கட்டும்போது பார்த்துக்கலாம் என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது குறை சொல்ல நான் இருக்கிறேன், வாங்கி வரத்தான் ஆள் இல்லை.

தரை போடுகிறவர் வந்து அறையைப் பார்த்தார். அந்தப் பழுப்பு விரிப்பு உனக்கு நினைவிருக்கும். அப்பா சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போன் இருக்கிற மேஜையிலிருந்து சாவி மாட்டுகிற பலகை வரைக்கும் உருண்டு போவாரே, அந்த வழி முழுக்கக் கிழிந்து அடியில் சிமெண்டு தெரிகிறது. வாசலுக்கு உள்ளே டிரைவர்கள் ஈரக் காலோடு நிற்கிற இடம் கருத்தே போய்விட்டது. அவர் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு யார் உட்காரப் போறாங்க, எத்தனை பேர் வந்து போவாங்க என்று கேட்டார். அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்குன்னா ஒண்ணு இருக்கு, இருபது வருஷத்துக்குன்னா வேற இருக்கு, உங்களுக்கு எத்தனை வருஷத்துக்கும்மா என்றார். அப்பா போனதிலிருந்து எனக்கு அடுத்த வாரம் என்று ஒன்று வருவதே நம்ப முடியாமல் இருக்கிறது, இந்த மனுஷர் வருஷக்கணக்கில் கேட்கிறார். நீ எத்தனை வருஷம் இங்கே இருப்பாய் என்றும் எனக்குத் தெரியாது, அதை உன்னிடம் கேட்கவும் பயமாக இருந்தது. மகளைக் கேட்டுச் சொல்றேன் என்று சமாளித்தேன். அவர் ஆறு சாம்பிள் துண்டுகளை வைத்துவிட்டு, வச்சுப் பழகிப் பாருங்க, அப்புறம் வரேன் என்று போனார்.

பழகிப் பார்க்கத்தான் செய்தேன். நெட்டை டிரைவரைக் கூப்பிட்டு மேஜையை நகர்த்தி, எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பி, எண்ணெய் ஊற்றினேன், டீயைக் கொட்டி ஆறவிட்டேன், இஸ்திரிப் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன், பளபளப்பாக இருந்த டைல்ஸ் மூலை உடைந்துவிட்டது. ஒன்று மரம் மாதிரி அழகாக இருந்தது, ஒரு ராத்திரி ஈரத் துணியைப் போட்டு வைத்தேன், காலையில் அப்பம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. எதிர்வீட்டு அக்கா வந்து ஒவ்வொரு துண்டின் மேலும் ஏறி நின்று பார்த்துவிட்டு, தரைக்குப் பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறியே, எதையாவது போட்டு மூடு என்றாள். டிரைவர்கள் மிதித்த அழுக்குப் போக எல்லாத் துண்டையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன், அதில் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எல்லாம் கழன்று வாளியில் மிதந்தது. எது என்ன பெயர், எது எத்தனை வருஷம் என்று இப்போது எனக்கும் தெரியாது, அந்தத் துண்டுகளுக்கும் தெரியாது. ஒன்று மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எண்ணெய், டீ, இஸ்திரிப் பெட்டி எதற்கும் அசையவில்லை, வெறும் காலோடு நின்றால் இதமாக இருந்தது. இதுதான் என்று முடிவு செய்து அதை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன்.

இதற்கு நடுவில் வாடகைக்கு வண்டி கேட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்பா இல்லை என்று சொன்னாலும் வேன் இருக்குல்லம்மா என்கிறார்கள். நானும் எழுதிக்கொண்டு அனுப்புகிறேன், போன வாரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறியிருந்த வண்டியை ரயிலடிக்கு அனுப்பிவிட்டு, ரயிலடிக்குப் போக வேண்டிய காலி வண்டியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கத்துகிறார், ரயிலடியில் பெட்டி படுக்கையோடு ஒரு குடும்பம் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, நெட்டை டிரைவர் சிரித்துக்கொண்டே, விடுங்கம்மா, ஐயா முதல் வருஷம் என்னை ஊருக்கு வெளியே ஒரு சுடுகாட்டுக்கே அனுப்பிட்டார் என்றான். இதை அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை பார். அப்புறம் அவன் தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே, இந்தப் புதுத் தரை நாங்க வந்து நிக்கவா, இல்ல எங்களை அனுப்பிட்டுப் போடுறதா என்று மெதுவாகக் கேட்டான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மகள் வந்து சொல்லுவா என்றேன். எதைக் கேட்டாலும் மகள் வந்து சொல்லுவாள் என்று சொல்லிச் சொல்லி, உன் தலையில் எவ்வளவு ஏற்றி வைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நேற்று தரைக்காரர் வந்தார். நான் எடுத்து வைத்திருந்ததை நீட்டி இதைத்தான் போடணும் என்றேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாங்க கொடுத்தது ஆறும்மா, இது ஏழாவது, இது எங்க கடைச் சரக்கே இல்ல என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, நெட்டை டிரைவர்தான் எட்டிப் பார்த்து ஐயோ இது ஐயாவோட கால்பலகைம்மா, மேஜையை நகர்த்தும்போது நானே இதோட சேர்த்துப் போட்டுட்டேன் போல என்று தலையைச் சொறிந்தான். நாற்காலி கீழே இறங்காமல் பழுதாகிக் கிடந்ததே, உன் அப்பா உயரமும் உனக்குத் தெரியும், கால் தொங்கும் என்று மேஜைக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டு வைத்திருந்தாராம். நான் இத்தனை நாளும் அதைச் சுற்றிச் சுற்றியே பெருக்கியிருக்கிறேன், அழுக்கில் அது என்ன நிறம் என்றே பார்த்ததில்லை. சோப்புப் போட்டதும் புதுசு மாதிரி வந்து நின்று என்னை ஏமாற்றிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது பாப்பா, அடக்க முடியவில்லை, எதிர்வீட்டு அக்கா நான் அழுகிறேன் என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

தரைக்காரருக்கு அப்போதும் புரியவில்லை. அவருக்குக் காட்டுவதற்காகப் பலகையை மேஜைக்கு அடியில் பழைய இடத்தில் போட்டு, அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அப்பா போனபிறகு அதில் உட்கார்ந்ததே இல்லை, நின்றுகொண்டேதான் போன் எடுப்பேன். என் காலுக்கும் பலகை சரியாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது, நான் எடுத்து, எங்கே, எத்தனை பேர், எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டு, அப்பா மாதிரியே கால்பலகையை உந்திச் சாவிப் பலகை வரைக்கும் உருண்டு போய்ச் சாவியை எடுத்து நெட்டை டிரைவர் கையில் கொடுத்தேன். தரைக்காரர் ஓ, நீங்கதான் உட்காரப் போறீங்களா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, அப்ப எத்தனை வருஷத்துக்கும்மா என்றார். இருபது என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு நானே என்னைப் பார்த்து மிரண்டுபோனேன். இருபது வருஷத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

அதனால் வேன்களை விற்கிற பேச்சு இப்போதைக்கு வேண்டாம். மரம் மாதிரி தெரிகிற, பிளாஸ்டிக்கில் செய்த தடித்த வினைல் பலகை ஒன்று சொல்லியிருக்கிறார், ஈரத்துக்கு உப்பாதாம், சக்கரம் ஓடினால் சத்தம் வராதாம், கால்பலகை நிறத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது. நாற்காலி ஒன்றா ரெண்டா என்று கேட்டார், ரெண்டுக்கும் தாங்குகிற மாதிரி போடுங்கள் என்றிருக்கிறேன். ஜன்னல் பக்கம் உன் இடம், போன் பக்கம் என் இடம். ஆனால் நான் அழுகிறேன் என்று பயந்து அங்கே நல்ல வேலையையும் சிநேகிதர்களையும் விட்டுவிட்டு ஓடி வராதே. வர ஆசையாக இருந்தால் வா, ஒரு மாசமோ ஒரு வருஷமோ நீயே சொல், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அழத்தான் செய்வேன், அழுதுவிட்டுப் போனை எடுத்து வண்டி அனுப்புவேன். இரண்டும் சேர்ந்து வருகிறது, நேற்றுதான் பார்த்தேன்.

எந்தக் குறையும் அண்டாமல், நினைத்தது நடந்து, நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. தரை போட்டு முடிந்ததும் நான் உன்னைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் வெளிர் நிறமா இருந்திருக்கலாம் என்று கட்டாயம் சொல்லுவேன். அடுத்த வீடு கட்டும்போது பார்த்துக்கலாம் என்று நீதான் சொல்ல வேண்டும். அதற்காக இங்கே வர வேண்டியதில்லை, போனிலேயே சொன்னால் போதும்.

இப்படிக்கு,
இருபது வருஷத்துக்குத் தரை சொல்லிவிட்டு முழித்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா