ஜூடித்தை விட்டுவந்த கோடை

1936 ஏப்ரல் 27, ஜோகுபாளையம், பெங்களூர்

கடைசித் தேர்வுத்தாளையும் திருத்திவிட்டேன். நாளை மெட்ராஸுக்கு ரயில். ஆம்ப்ரோஸுக்கு ரயில்வே ஆபீஸில் பத்து நாள் லீவு. சாந்தோமில் கடலுக்குப் பக்கத்தில் அவர் தங்கை பிரிஜெட்டின் வீடு. ஜூடித்துக்கு இன்றும் இழுப்பு. ஆறு வயதுப் பிள்ளை, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குகிறது. எனக்குக் கடல் வேண்டாம். எங்காவது படுத்துக் கிடந்தால் போதும்.

ஏப்ரல் 29

வந்து சேர்ந்தோம். குளித்த ஈரம் காய்வதற்குள் வேர்க்கிறது.

மே 3, ஞாயிறு

பூசை முடிந்து கடற்கரை. ஜூடித் அலைக்கு முன்னால் ஓடினாள். ஓடினாள்! நான்கு நாளாக இழுப்பே இல்லை. நான் மணலிலேயே தூங்கிப்போனேனாம். ஆம்ப்ரோஸ் குடை பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மே 6

அரிசி களைந்துகொண்டே பிரிஜெட் சொன்னாள்: "ஜூடித் இங்கியே இருக்கட்டும் அண்ணி. பெங்களூர் குளிரு அவளுக்கு ஆவலை. எனக்கும் வீட்டுல புள்ளைன்னு யாரு இருக்கா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. சீ, நான் என்ன தாய்?

அவரைக் கேட்டேன். "நீ சொல்றபடி செய்யலாம் பவுலின்." எல்லாத்தையும் நானே சொல்லணுமா?

மே 8

ஜூடித்திடம் சொல்லிவிட்டேன்.

"நீ எப்ப வருவே?"

"லீவுக்கு."

"எந்த லீவுக்கும்மா?"

மே 10, பெங்களூர்

பகல் பதினொரு மணிவரை தூங்கியிருக்கிறேன். யாரும் எழுப்பவில்லை. எழுந்து உட்கார்ந்து அழுதேன்.

ஜூன் 1

பள்ளி திறந்தது. வகுப்பில் ஒரு பெண் இருமினாள். கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு அவள் முதுகை நீவப் போய்விட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஜூன் 14

பிரிஜெட்டின் கடிதம். ஜூடித் சதை போட்டிருக்கிறாளாம். ஒருநாள் வாய்தவறி பிரிஜெட்டை அம்மா என்று கூப்பிட்டாளாம். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் எழுதியிருக்கிறாள், பாவம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெட்ராஸில் டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் எழுதி ஆம்ப்ரோஸிடம் காட்டினேன். படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மாத்தல் கேட்டு நானும் எழுதிட்டேன்."

"எப்ப?"

"போன புதன்கிழமை. உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

ஜூலை 18

அவருக்கு மெட்ராஸுக்கே மாற்றல் வந்துவிட்டது. எனக்கு வேலை கிடைக்கவில்லை. காலையிலிருந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. இன்னும் இரண்டு மூட்டை இருக்கிறது.