புதிய சிமுலேட்டரில் உன் பழைய விமானம்

நண்பா,

உன் இரட்டை எஞ்சின் விமானத்தைப் புதிய சிமுலேட்டரில் திறந்தபோது, விசிறிகள் சுழல வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புத் தட்டுகள் நின்றன. அவற்றுக்குப் பின்னால் மேகம் தெரியவில்லை. உள்ளே உயரங்காட்டியும் திசைகாட்டியும் இருந்த இடங்கள் வெறும் ஓட்டைகளாக இருந்தன. போன ஐப்பசி மழையில், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நீ நாற்காலியிலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று தொலைபேசி வந்ததே, அதற்குப் பிறகு அந்த விமானத்தை நான் தொடுவது அதுவே முதல் முறை.

கணினியில் விமானம் ஓட்டும் அந்த விளையாட்டை நாம் விளையாட்டாகக் கருதியதில்லை. நானாவது கருதியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குருசுக்குப்பத்துக்கு அருகில் உள்ள என் வீட்டு மாடிக்கு உன் மனைவியோடு நேராக வந்துவிடுவாய். லாஸ்பேட்டை ஓடுதளத்திலிருந்து கிளம்பி, கடல்மேல் திரும்பி, சென்னையில் இறங்குவோம். புறப்படுமுன் செய்ய வேண்டிய சோதனைகளை நான் ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பேன். நீ முறுக்கைக் கடித்துக்கொண்டே, “நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ்ஸே சென்னைக்குப் போயிரும், முசியே” என்று பிரெஞ்சு மரியாதை போட்டுக் கிண்டலடிப்பாய்.

புதிய பதிப்பு வெளிவந்ததும், தனியாக வாங்கிச் சேர்த்த பழைய விமானங்கள் அதில் இயங்கலாம், சில பகுதிகள் இயங்காமலும் போகலாம் என்ற அறிவிப்பை உனக்குப் படித்துக் காட்டினேன். “ஓடலாம், ஓடாமலும் போலாம்னா அது என்னா ரூலு?” என்று சிரித்தாய். பிறகு, “நீ கைய வைக்காத. நானே வந்து போட்டுத் தரேன்” என்றாய். வரவில்லை.

ஆகவே நானே முறைப்படி செய்தேன். காணாமற்போன கருவிகளுக்கு மாற்றுக் கருவிகளைத் தேடி இணைத்தேன். விசிறிகளின் படத்தை மாற்றியதும் மேகம் தெரிந்தது. ஒரு குறை மட்டும் தீரவில்லை. மேலெழுந்ததும் விமானத்தின் மூக்கு இடமும் வலமுமாகச் சன்னமாக நடுங்கியது. புதிய பதிப்போடு வந்த பெரிய ஜெட்டில் அந்த நடுக்கம் தெரியவில்லை. எனவே குற்றம் உன் விமானத்தில்தான் என்று முடிவு செய்து, அதன் எடையையும் சமநிலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ஒரு ஞாயிறன்று என்னையும் என் மனைவியையும் பார்க்க வந்த உன் மனைவி, சத்தம் கேட்டு மாடிக்கு ஏறி வந்தார்.

“என்னாண்ணே, அவரு பிளேன இந்த ஆட்டு ஆட்டறீங்க?”

“நான் எங்கம்மா ஆட்டறேன்? இது பழசு, புதுசுக்கு ஒத்துவரல.”

“குடுங்க பாக்கலாம். வாரா வாரம் பக்கத்துல உக்காந்து பாத்தேன், ஒரு தபா அந்த மனுஷன் என் கையில குடுத்திருப்பாரா?”

விமானத்தைத் திருப்பும் கைப்பிடியான ஜாய்ஸ்டிக்கை அவரிடம் கொடுத்தேன். மூக்கு அசையவில்லை. இடப்பக்கம் திருப்பச் சொன்னேன், திருப்பினார். மேலே ஏற்றச் சொன்னேன், ஏற்றினார். திரையில் கடலின் விளிம்பு கோடு கிழித்ததுபோல் நின்றது.

“உனக்கு மட்டும் அடங்குதே!” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். மடிமேல் சும்மா கிடந்த அந்தக் கையின் விரல்கள் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன.

“அவரு உங்ககிட்ட சொல்லவே இல்லியாண்ணே?”

“எத?”

“பழசுல ஜாய்ஸ்டிக்க மந்தமா மாத்தி வச்சிட்டாரு. கை லேசா ஆடுனா பிளேனுக்குத் தெரியாதாம். ‘அவன் நூல் புடிச்ச மாதிரி ஓட்டறதா நெனச்சுக்கிட்டு இருக்கான், பொங்கல் போவட்டும், நானே டாக்டர்கிட்ட இட்டுக்கினு போறேன்’னாரு.”

பழைய சிமுலேட்டர் அதே கணினியில் இருந்தது. திறந்து பார்த்தேன். ஜாய்ஸ்டிக்கின் உணர்திறன் கடைசிவரை இறக்கி வைக்கப்பட்டிருந்தது. நான் அதைத் தொட்டதே இல்லை. அந்தப் புதிய பதிப்புக்கு உன் ஏற்பாடு எதுவும் தெரியாது. என் கை எப்படியோ அப்படியே அது விமானத்தை ஓட்டியிருக்கிறது. கனமான ஜெட்டில் தெரியாத சிறு அசைவு, உன் சிறிய விமானத்தில் தெரிந்துவிட்டது.

அந்த அதிர்ச்சியில் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கடற்கரைச் சாலை டீக்கடையில் எனக்கு மட்டும் “அரை கிளாஸ், ரெண்டு தபா குடு” என்பாய். காரணம் கேட்டால், “ரெண்டாவதும் சூடா இருக்கும்ல, முசியே” என்பாய். அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன்; முழு கிளாஸ் என் கையில் தளும்பும் என்று தோன்றவே இல்லை. அலுவலகத்தில் பிறர் வரைபடங்களில் மயிரிழைப் பிசகைக்கூட விடாமல் சுட்டுகிறவன் நான். என் கையை நான் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய். சொல்லியிருக்கலாமே என்று உன்மேல் கோபம் வருகிறது. வந்த கோபத்தைக் காட்ட ஆளில்லை.

என் மனைவியோடு போய், நம் ஊர்க் கதிர்காமத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினேன். இளைஞர், பொறுமையானவர். என்னைச் சுருள்கோடு வரையச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு, “இந்த நடுக்கம் எப்பலேர்ந்து சார் இருக்கு?” என்று கேட்டார். எதற்கும் நாள் தேதி சொல்லுகிறவன் நான். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியல டாக்டர். என் சிநேகிதனுக்குத் தெரியும்.”

“அப்படின்னா அடுத்த தடவ அவரயும் கூட்டிட்டு வாங்க” என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.