எட்டாம் வகுப்புக்கு ஒரு ஆள் குறைவு

பெரம்பலூர் வட்டம்,
9-7-1979

பிலாயில் பாரத தேசத்துக்கே இரும்பு காய்ச்சி ஊற்றும் மாப்பிள்ளை அரங்கநாதனுக்கு, நான்கு அறையும் ஒழுகாத ஒரே ஒரு மூலையும் கொண்ட நடுநிலைப் பள்ளி சாம்ராஜ்யத்தின் தலைமையாசிரியனும், உன் அம்மாவோடு பிறந்த தோஷத்தால் உனக்கு மாமனுமாகிய தங்கசாமி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம், என்னைத் தவிர.

மழை இல்லை. உன் கிணற்றில் தவளை குடித்தது போக மீதியைத்தான் கடலைக்கு இறைக்கிறார்கள். அக்காவுக்கு முட்டிவலி. மாத்திரையைவிட என்னைத் திட்டினால்தான் குணமாகிறது.

எட்டாம் வகுப்பில் இருபது பேர் சேராவிட்டால் வகுப்பையே எடுத்துவிடுவோம் என்று அதிகாரி சொல்லியிருந்ததை எழுதியிருந்தேன். பையன்கள் பெரம்பலூருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? கடலை ஆயத்தான் அனுப்புவார்கள். அதனால் பள்ளிக்கூட மணியைக் கையில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். நான் போட்ட சத்தத்தில் பச்சைமலை இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. 'வடக்கே பெரிய வேலையில் இருக்கிற என் மருமகன் மகளே எங்ககிட்டதான் படிக்குது, ஒங்களுக்கு என்னய்யா கொறைச்சல்' என்பதுதான் வாசலுக்கு வாசல் என் பேச்சு.

பத்தொன்பது சேர்ந்தது. பூலாம்பாடிக்குப் பிழைக்கப் போன கருப்பண்ணனிடம் மன்றாடி, இருபதாவதாக அவன் மகள் கொளஞ்சியம்மாளை சைக்கிள் கேரியரில் வைத்து மிதித்து வந்தேன். உலகத்தை வென்றவனும் அப்படி ஊருக்குள் நுழைந்திருக்க மாட்டான். வாசலிலேயே பாலசுந்தரம் வாத்தியார் தலையைச் சொறிந்தார். உன் மனைவி பச்சையம்மாள் வந்து உன் மகள் கலியம்மாளின் டி.சி.யை வாங்கிப் போய்விட்டாளாம். 'சாருக்குத் தெரியும்னு சொன்னாங்களே சார்' என்கிறார். அன்றைக்கே தாயும் மகளும் உன்னிடம் வர ரயில் பிடிக்க அரியலூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். மறுபடியும் பத்தொன்பது.

மாப்பிள்ளை, அக்காவுக்குக் கடிதம் படித்துக் காட்டுவது நான்தான் என்பதை மறந்துவிட்டாயே. பச்சையம்மாளுக்கு நீ எழுதி, அவள் விட்டுப்போன கடிதத்தை அக்கா என்னிடமே நீட்டினாள். 'மாமா பதினெட்டாம் தேதி பூலாம்பாடி போகிறார், அன்றைக்கே டி.சி. வாங்கிவிடு' என்று எழுதியிருந்தாய். அந்தத் தேதியை உனக்கு எழுதியவனே நான். அந்த ஒரு வரியை மட்டும் அக்காவுக்குப் படிக்கவில்லை.

பிள்ளையை அங்கே கான்வென்ட்டில் சேர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன், நாலு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன், பிறகு என் கையாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன். டீக்கடையில் எல்லோர் முன்னாலும் அய்யம்பெருமாள், 'ஒங்க வூட்டுப் புள்ளைக்கே ஆகாத பள்ளிக்கூடம் எங்க புள்ளைக்கு மட்டும் ஆகுமா சார்' என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து தலையை எண்ணினார். எட்டாம் வகுப்பு போய்விட்டது. அய்யம்பெருமாள் மகள் இருசம்மாளை உனக்குத் தெரியும், ஏழாவதில் முதல் மார்க். இன்று காலை அவள் மறுபடியும் ஏழாம் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள். 'நான் ஃபெயில்னு எழுதிக்குங்க சார், இன்னும் ஒரு வருஷம் வர்றேன்' என்கிறாள். ரிஜிஸ்டரைத் திறந்து வைத்தபடிதான் இதை எழுதுகிறேன். என்ன எழுதட்டும் சொல்.

கலியம்மாள் நன்றாகப் படிக்கட்டும், நீடூழி வாழட்டும். செருப்பில்லாமல் வளர்ந்த பிள்ளை. ஷூ காலைக் கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமன்,
தங்கசாமி