பதினொன்று பத்துக்கு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். கோழி கிளறினது போல எழுதுகிறேன் என்று சின்ன வயதிலிருந்து கேலி செய்வாயே, இப்போது அந்தக் கையெழுத்துதான் எனக்கு அடையாளம். வானத்திலிருந்து விழுந்த கல்லோடு வந்து மின்கம்பிகளுக்குள் புகுந்துகொண்ட எதிரொலிக்கு யார் குரலும் வரும், என் கிறுக்கல் வராது. போன வாரம் போனில் அப்பா குரலில் அம்மாவைக் கூப்பிட்டு, மின்கோபுரத்தடிக்கு வா என்றது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நல்லவேளை, பக்கத்து வீட்டுக்காரி மறித்து உட்கார வைத்தாள். அப்படிப் போய்க் கம்பியைத் தொட்டுச் செத்தவர்கள் இந்த ஊரில் மட்டும் முப்பத்தொரு பேர். போனைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டேன்.

இருட்டுக்காரர் வந்து ஒன்பது நாள் ஆகிறது. எதிரொலியை ஒழிக்க அவர் உதவி வேண்டுமென்று, சிறையிலிருந்து இரண்டு காவலரோடு கொண்டுவந்து என் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்தார்கள். ஊரையே மூன்று நாள் இருட்டில் போட்டுப் பேரம் பேசிய ஆள். நம் அப்பா, லைனில் ஆள் இருக்கிறது என்ற சிவப்பு அட்டையை மாட்டி, ஸ்விட்சைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கம்பம் ஏறியபோது, தன் திருட்டு இணைப்பு வழியாக அதே லைனில் மின்சாரம் விட்டு அவரைக் கொன்ற ஆள். இப்போது முடி கொட்டி, முட்டி தேய்ந்து, என் எதிரில் உட்கார்ந்து என் வரைபடத்தில் தப்பு கண்டுபிடிக்கிறார். தப்பு இருந்தது என்பதுதான் எரிச்சல்.

அவர் தும்மினாலும் எதற்குத் தும்மினார் என்று யோசிக்கிறேன். மூன்றாம் நாள் ஒரு திருப்புளி குறைந்தது. காவலரை விட்டு அறையையே புரட்டிப் போட்டேன். கடைசியில் பார்த்தால், ஆடிக்கொண்டிருந்த என் மேசைக் காலுக்கு அதை முட்டுக் கொடுத்திருக்கிறார். எனக்கு அசடு வழிந்தது. ஆனாலும் அன்றிலிருந்து தினமும் இரண்டு தடவை கருவிகளை எண்ணுகிறேன்.

திட்டத்தை மறுபடியும் எழுதுகிறேன், கவனமாகப் படி. மற்ற லைன்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தால், எதிரொலி உன் மலை மின்நிலையத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஓடும் கடைசி லைனுக்குள் ஒதுங்கும். அங்கே அதை மடக்கிப் பிடித்து, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் முழு மின்சாரத்தையும் விட்டால் எரிந்துபோகும். மடக்கிப் பிடிக்கும் இடம், கேபிள் சுரங்கத்தில் இருட்டுக்காரர் அந்தக் காலத்தில் ஒளித்து வைத்த அதே திருட்டு இணைப்பு. அவர்தான் உள்ளே இறங்கி அதைப் போட வேண்டும். எங்கள் மின்நிலையக் கண்காணிப்பாளர் மூன்று தடவை சரிபார்த்துவிட்டார். கணக்கு சரியாக வருகிறது. அப்படி வந்ததுதான் என் சந்தேகத்தைக் கிளப்பியது.

சுரங்கத்தின் மறுமுனை ஆற்றங்கரையில் திறக்கிறது. அந்த வழியாக நழுவிவிடுவார் என்று அங்கிருக்கும் கதவில் என் சொந்தப் பூட்டைப் போட்டேன். உனக்கு மட்டும்தான் எழுதினேன். நீயும், நல்ல காரியம் செய்தாய் அக்கா, உள்ளேயே கிடக்கட்டும் என்று பதில் போட்டாய். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் நிம்மதியாகத் தூங்கினேன், பொய் சொல்ல மாட்டேன்.

நேற்று ஒத்திகை. அவர் எங்கள் ஸ்விட்சில் சிவப்பு அட்டை மாட்டிப் பூட்டினார். பூட்டிவிட்டுச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். நம் வேலையில் அது எவ்வளவு பெரிய தப்பு என்று உனக்குத் தெரியும். உள்ளே போனவர்தான் வெளியே வந்து தன் பூட்டைத் திறக்க வேண்டும், சாவி வேறு கைக்கே போகக்கூடாது. எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் குரலை உயர்த்தாமல் கேட்டார்: "எம் பையில இருந்தா, பதினொரு மணிக்கு நீங்க எப்படிம்மா தொறப்பீங்க?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அந்த இணைப்பின் கைப்பிடியில் ஸ்பிரிங் செத்துவிட்டது. மின்சாரம் வந்து சேரும்வரை யாராவது கையால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பிடித்தவர் எதிரொலியோடு சேர்ந்து எரிந்துபோவார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அப்போதும் என் புத்தி, இதுவும் நடிப்போ என்றுதான் ஓடியது. நானே சுரங்கத்தில் இறங்கி அழுத்திப் பார்த்தேன். கையை எடுத்ததும் எகிறிவிட்டது. ஆற்றங்கரைக் கதவில் தொங்கும் என் பூட்டு அங்கேதான் நினைவுக்கு வந்தது. உடம்பு கூசிப்போனது, தம்பி.

எங்கள் லைன்மேன் ஒருவரும் நானும் காய்ந்த மரத்தில் ஆப்பு செதுக்கிக் கைப்பிடியில் அடித்துப் பார்த்தோம். கால் மணி நேரம் தாங்குகிறது. அங்கிருந்து ஆற்றங்கரைக் கதவுக்கு அவர் முட்டியோடு நடக்கப் பத்து நிமிடம் ஆகும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தாமதித்தால் எதிரொலி சுதாரித்துக்கொள்ளும் என்றார். பிறகு, "அந்தப் பக்கமா நான் ஓடிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். ஓடுங்கள், தேடிப் பிடித்துக்கொள்கிறோம் என்றேன். கதவுக்கு வெளியே இரண்டு காவலரையும் நிறுத்தப் போகிறேன், என் புத்தி அவ்வளவு சீக்கிரம் மாறாது. பூட்டை மட்டும் எடுத்துவிட்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்று காலை அப்பாவின் டார்ச்சைத் துடைத்து என் பையில் வைத்திருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் ஆப்பை அடிப்பார். நீ ஸ்விட்சைத் தள்ள வேண்டியது பதினொரு மணிக்கு அல்ல, பதினொன்று பத்துக்கு. அந்தப் பத்து நிமிடமும் எதிரொலி உன் லைனுக்குள் நெருக்கப்பட்டுத் தவிக்கும், உன்னைக் கூப்பிடும். அப்பா குரலில் நியாயம் கேட்கும். என் குரலில் அழுது, இப்போதே தள்ளு என்று கெஞ்சும். நம்பாதே. அன்று நான் எந்தக் கம்பியிலும் பேசமாட்டேன். இந்தக் கிறுக்கல்தான் நான்.

உன் கோபம் எனக்குத் தெரியும். என் கோபமும் ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. ஆனால் லைனில் ஆள் இருக்கும்போது நம் அப்பா ஒரு நாளும் ஸ்விட்சைத் தொட்டதில்லை. இருட்டுக்காரரின் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. பதினொன்று பத்து வரை அது வெளியே வராது. உன் கையும் அதுவரை மேசைமேலேயே இருக்கட்டும், என் தங்கமே. நீ நூறு வயது நன்றாக இருப்பாய்.

உன் அக்கா