முதல் வரிசையில் உன் நாற்காலி

பெனிடோர்ம் கடற்கரை,
செப்டம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இங்கே சுற்றுலா வந்தவர்கள் விடியும்போதே மணலில் நாற்காலி போட்டு இடம் பிடிப்பார்கள். ஓட்டல் வேலைக்குப் போகுமுன் நானும் இரண்டு போடுகிறேன். கடல் அப்போது பாலாடை படர்ந்ததுபோல் கிடக்கும். கையிலிருக்கும் புத்தகத்தை மறந்து, இதுவரை கடலே பார்க்காத நீ பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

நேற்று பக்கத்துக் குடைக்காரர் எலாடியோ கேட்டார்.

"இந்த நாற்காலி யாரோடதும்மா?"

"எங்கம்மாவோடது."

"மூணு வாரமாவா குளிச்சிட்டிருக்காங்க? கரையேறச் சொல்லு, ஊறிடப் போறாங்க!"

நானும் சிரித்தேன்.

ஆளில்லாத நாற்காலிகளைக் காவலர்கள் அள்ளிப்போகிறார்கள். பாதாம் அறுவடை முடிந்ததும் வந்துவிடு. அதுவரை உன் தலைத்துணியை அனுப்பு, நாற்காலியில் கட்டிவைக்கிறேன். துவைக்காமல் அனுப்பு.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன்
அராசெலி