கொழுந்து லொறியில் டிக்கோயாவுக்கு

1981 பெப்ரவரி 8, ஞாயிறு

மகள் பெற்றீசியாவுக்குக் காய்ச்சல். பூசைக்குப் போகவில்லை. மூன்று வயதுக்கு அவள் வாய் கொஞ்சமா? காய்ச்சலோடும் டீச்சரான எனக்கே பாடம் நடத்துகிறாள். குளிருமே என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வேலாயி அக்கா தன் கம்பளியையும் போர்த்திவிட்டார்.

பெப்ரவரி 10, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளை பக்கத்தில் இருந்து எழுதுகிறேன்.

நேற்றுப் பகல் இரண்டு கம்பளிக்குள்ளும் பிள்ளை வலிப்பு வந்து வெட்டி வெட்டி இழுத்தாள். கண் மேலே செருகிவிட்டது. தானாக நிற்கும் என்று பார்த்தோம் – நிற்கவே இல்லை. வேலாயி அக்கா அவள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார், வாயில் கோப்பி ஊற்றப் போனார். என் வீட்டுக்காரர் சிறில் தட்டிவிட்டார். "மூச்சுல ஏறிரும்க்கா!" ஃபெக்டரியில் முதலுதவி படித்த மனுஷன். அதை நான் கேலி செய்யாத நாளில்லை!

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கீழ் ரோட்டில் ஃபெக்டரிக்குத் தேயிலைக் கொழுந்து ஏற்றிப் போகிற லொறி. டிரைவர் கந்தப்பன் அண்ணன் பிள்ளையைப் பார்த்தார். "ஏறுங்க டீச்சர். தோட்டத் தொரைக்கு நான் சொல்லிக்கிறேன்." ஏற்றிய கொழுந்தோடு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கே திருப்பிவிட்டார்.

அங்கேயும் இழுப்பு நிற்கவில்லை. ஊசி போட நரம்பு அகப்படவில்லை. டொக்டர் ஒரு சின்னக் குழாயால் ஆசனவாய் வழியாக மருந்தைச் செலுத்தினார். கை தளர்ந்தது, கால் தளர்ந்தது. ஐயோ, போயிட்டாளா என்று அலறினேன். "பய வெண்ட எப்பா," பயப்படாதே என்று சிங்களத்தில் சொல்லி நேர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தூங்குகிறாளாம்! அந்தக் கைகளுக்குக் கோடி நன்றி.

பெப்ரவரி 11

கண் விழித்தாள். பார்க்கிறாள், பேசவில்லை. "அம்மா" கூட இல்லை. ரொம்ப நேரம் இழுத்திருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்கிறார் டொக்டர். காய்ச்சல் பிள்ளையை இனிக் கம்பளியில் சுற்றக் கூடாதாம். மாதாவே, உயிரைத் தந்தாய். அந்த வாயையும் தரமாட்டாயா?

பெப்ரவரி 12

பேச்சில்லை.

பெப்ரவரி 14

கந்தப்பன் அண்ணன் வந்தார். அன்று லொறியிலேயே கிடந்து கொழுந்து சூடேறிச் சிவந்துவிட்டதாம். "தொர கத்துனாரு, கேட்டுக்கிட்டேன். கொழுந்து நாளைக்கும் துளிர்க்கும் டீச்சர்." கும்பிட்டேன். வெட்கப்பட்டு வெளியே போய்விட்டார்.

பெப்ரவரி 15, ஞாயிறு

வேலாயி அக்கா கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தார். சிறில் ஒரு கரண்டி ஊட்டினார். பிள்ளை முகத்தைச் சுளித்தாள்.

"சுடுது. ஊதித் தர தெரியாதா?"

சிறில் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கஞ்சி ஆறிய பிறகும் இருவரும் ஊதிக்கொண்டே இருந்தோம்.