கரையில் முடிந்த காலடிகள்

பிப்ரவரி 11

மாத்திரை தொடங்கி ஒன்பது நாள். நாடித்துடிப்பு 124. வெளியே மைனஸ் பதினெட்டு. நான் கையில்லாத சட்டையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்க்கிறேன். சனிக்கிழமை சௌனா நீராவி அறையின் சூட்டுக்குள் ஒரு நிமிடம்கூட இருக்க முடியவில்லை. கலெர்வோ தனியாகக் குளித்துவிட்டு வந்தார். கல்யாணமான முப்பத்திரண்டு வருடத்தில் முதல் முறை.

கை நடுங்குவதால் தபால் வண்டியை ஓட்டக் கூடாதாம். எப்போது சரியாகும் என்று நர்ஸிடம் போனில் கேட்டேன். "தைராய்டு புதுசா சுரக்கறதத்தான் மாத்திரை குறைக்கும். ஏற்கெனவே சேர்ந்து கெடக்கறது தீரணும். ஆறு வாரம், எட்டு வாரம் ஆகலாம். பொறுத்துக்கோங்க."

மனது பொறுக்கும். இதயத்துக்கு யார் சொல்வது?

பிப்ரவரி 14

காலையில் பனியில் காலடிகள். வெறுங்கால். ஐந்து விரலும் தெளிவாக. எங்கள் வாசற்படியில் தொடங்கி ஏரிக்கரை வரை போய் நின்றுவிடுகின்றன. திரும்பி வந்த தடம் இல்லை.

பக்கத்தில் கலெர்வோவின் பூட்ஸ் தடம். தினமும் உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிக்கிறவர். அது எப்போதும் இருப்பதுதான்.

"ஏதாவது மிருகமா இருக்கும்" என்றார்.

மிருகத்துக்கு ஏது அப்படி ஒரு கட்டைவிரல்?

பிப்ரவரி 15

பனி பெய்து மூடிவிட்டது.

பிப்ரவரி 19

மறுபடியும்.

பிப்ரவரி 20

பக்கத்து வீட்டு ஹில்க்கா ஏலக்காய் ரொட்டி கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே காபி குடித்தாள். கடைசியில் சொல்லிவிட்டாள்: "கொஞ்சம் கண்ண சிமிட்டேன், லெம்பி. எனக்குப் பின்னால யாரோ நிக்கற மாதிரியே பாக்கற."

சிரித்தேன். அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அவள் போனபின் கண்ணாடி முன் நின்றேன். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிகிறது. எதையோ கண்டு மிரண்டவளின் முகம். ஆனால் நான் மிரளவில்லையே. அப்படியானால் இது யார்?

பிப்ரவரி 27

இன்று கத்திவிட்டேன். "யாரு அவ? எம் வீட்டுலேர்ந்து செருப்பில்லாம போறவ யாரு?"

கலெர்வோ உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். "யாருமில்ல, லெம்பி."

"திரும்பி வரலயே அவ. ஏரில போய்த் தேடுனியா?"

அவர் மறுபடி கிழங்கை எடுத்தார். கண்கள் சிவந்திருந்தன. யாருக்காக முழித்திருக்கிறார்? எனக்கு என்ன, ஐம்பத்தெட்டு வயதில் பொறாமையா?

மாத்திரைப் பெட்டியைக் குப்பையில் வீசினேன். சாயங்காலம் அது மேசையில் இருந்தது. விழுங்கினேன்.

மார்ச் 3

நாடி 112. ஏழு கிலோ குறைந்திருக்கிறேன். உள்ளங்கால் எரிகிறது, தோல் உரிகிறது. மருந்தால் அரிப்பு வரலாம் என்று மாத்திரைப் பெட்டிக் காகிதத்தில் போட்டிருக்கிறது.

மார்ச் 6

அவள் தடத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. சுண்டுவிரலின் வளைவு உட்பட.

அடுத்ததிலும் வைத்தேன். அதற்கடுத்ததிலும். கரையில் இரண்டு காலும் சேர்ந்து நின்ற இடம் உருகி, மறுபடி உறைந்து பளபளத்தது. அங்கே நின்றிருக்கிறாள் — நின்றிருக்கிறேன்.

அப்போதுதான் பூட்ஸ் தடத்தைச் சரியாகப் பார்த்தேன். போகும்போது எட்டி எட்டி விழுந்திருக்கிறது, ஓட்டம். வரும்போது ஆழமாக.

மாலை

கேட்டேன். இந்த முறை சொன்னார்.

"தூக்கத்துல நடக்கற. கதவுச் சத்தம் கேட்டு நான் பூட்ஸ மாட்டிட்டு ஓடி வர்றதுக்குள்ள கரையில நிப்ப. தூக்கிட்டு வந்துடுவேன்."

"பூட்ட வேண்டியதுதானே?"

"பூட்டினேன். ஜன்னல் வழியா எறங்கின. அதுக்கு இதே தேவல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, உனக்கு இருக்கற ரெண்டு மணி நேரத் தூக்கமும் போயிடும். நர்ஸ்கிட்ட சொன்னேன். நோய் அடங்கினா இதுவும் அடங்கும்னாங்க." கொஞ்சம் கழித்து, "தூக்கினா எடையே இல்ல உனக்கு. அதான் பயமா இருந்தது."

"நான் அங்க நின்னு என்ன பண்றேன்?"

அவர் எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"ஏரியப் பாத்து, 'கொஞ்சம் பொறு, வந்துடறேன்'னு சொல்ற."

யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 7

கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டுவிட்டார். பூட்ஸோடு அதிலேயே தூங்குகிறார்.

மார்ச் 18

96. இந்த வாரம் தூக்கத்தில் எழுந்தது இரண்டே முறை. நாற்காலி தாண்டவில்லையாம். அவர் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு அதையேதான் சொன்னேனாம்.

ஏப்ரல் 2

80. பதினோரு நாளாக எழுந்து போகவில்லை. இன்று ஜன்னலை நானே சாத்தினேன். குளிர்ந்தது. எவ்வளவு நாளாயிற்று.

ஏப்ரல் 26

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் அளவுக்குள். மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறார்கள், இன்னும் ஒரு வருடமாவது சாப்பிட வேண்டும். திங்கட்கிழமை முதல் வண்டி ஓட்டலாம்.

காலை ஆறு மணிக்கு நல்ல வெயில். ஏரியின் நடுவே கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. கலெர்வோ நாற்காலியில், தலை சாய்ந்து, பூட்ஸோடு. வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.

"உள்ள வந்து படு" என்றேன்.

கண்ணைத் திறந்தார். முதலில் என் கால்களைத்தான் பார்த்தார். பிறகு முகத்தை. மறுபடி கால்களை.

அவர் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்றேன்.